ரேடார் உண்மையில் எதை அளக்கிறது? திரையில் தெரிவதை எந்த அளவுக்கு நம்பலாம்?

தேடல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். ரேடார் பற்றிப் பாடநூலில் படித்தது ஒரே ஒரு வரிதான்: வானொலி அலையை அனுப்புகிறோம், அது ஒரு பொருளின் மீது பட்டுத் திரும்புகிறது, திரும்பி வர ஆன நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறோம். இந்த வரி புரிகிறது. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு மேலே யோசித்தால் கேள்விகள்தாம் பெருகுகின்றன.

முதலாவது, பல நூறு கிலோவாட் வலிமையுடன் அலையை அனுப்பும் அதே ஆன்டெனா, அடுத்த கணமே மிக மெல்லிய எதிரொலியை எப்படிக் கேட்கிறது? இரண்டாவது, கப்பலிலும் விமான நிலையத்திலும் வானிலை நிலையத்திலும் காரின் முன்புறத்திலும் இருப்பவை எல்லாம் ஒரே கருவிதானா? அப்படியானால் அவற்றின் அலைநீளங்கள் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வானிலை ரேடார் படத்தில் மழை தெரியும் இடத்தில் சில சமயம் ஒரு துளிகூட விழுவதில்லை. மழை கொட்டும் இடம் படத்தில் வெறுமையாக இருக்கிறது. கருவி பழுதாகாமலேயே இப்படி நேர முடியுமா? துறையில் இருப்பவர்கள் விரிவாக விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

எதிரொலி

ரேடார் ஏற்பிகளை (திரும்பி வரும் அலையை வாங்கும் பகுதிகளை) வடிவமைப்பதும் சோதிப்பதும் என் வேலை என்பதால் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ரேடார் எதையும் "பார்ப்பதில்லை". அது அளப்பவை சிலவே: அலை போய்த் திரும்ப ஆன நேரம், அந்த நேரத்தில் ஆன்டெனா நோக்கியிருந்த திசை, திரும்பி வந்த அலையின் வலிமை, அதன் அதிர்வெண்ணிலும் கட்டத்திலும் (அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதிலும்) ஏற்பட்ட மாற்றம். திரையில் தெரியும் கப்பல், விமானம், மழை என்பவையெல்லாம் இந்த அளவீடுகளிலிருந்து ஊகித்து எடுத்த முடிவுகள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

அலை ஒளியின் வேகத்தில், அதாவது விநாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. ஒரு மைக்ரோ விநாடியில் அது 300 மீட்டர் கடக்கும். போக்கும் வரவும் சேர்ந்திருப்பதால் ஒவ்வொரு மைக்ரோ விநாடித் தாமதமும் 150 மீட்டர் தூரத்தைக் குறிக்கிறது. ஒரு மில்லி விநாடித் தாமதம் என்றால் பொருள் 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. துடிப்பு முறையில் இயங்கும் ரேடார் ஒரு மைக்ரோ விநாடி அளவுக்கு அலையை உமிழ்ந்துவிட்டு, ஏறத்தாழ ஒரு மில்லி விநாடி முழுவதும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கும். ஆகவே, தன் வாழ்நாளின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே அது அலையை அனுப்புகிறது. அமெரிக்க வானிலைச் சேவையின் நெக்ஸ்ராட் ரேடாருடைய உச்ச வலிமை 750 கிலோவாட். அதன் சராசரி வலிமையோ, துடிப்பு விகிதத்தைப் பொறுத்து, ஒரு கிலோவாட்டை ஒட்டியே இருக்கும்.

ஒரே ஆன்டெனாவில் இரண்டு வேலையும் நடப்பதற்கு டூப்ளெக்சர் என்ற பகுதி உதவுகிறது. துடிப்பு வெளியேறும்போது அது ஏற்பியின் வழியை அடைத்து ஆற்றலை ஆன்டெனா பக்கம் திருப்பிவிடும்; துடிப்பு முடிந்ததும் வழியைத் திறந்துவிடும். அதையும் மீறிக் கசியும் ஆற்றலைத் தடுக்க ஏற்பியின் வாயிலில் வரம்புச் சுற்று ஒன்று இருக்கும். இந்தப் பாதுகாப்பு கணநேரம் தவறினாலும் ஏற்பியின் முதல் பெருக்கி கருகிப்போகும். ஏனெனில் அது கேட்க வேண்டிய எதிரொலியின் வலிமை ஒரு வாட்டின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கலாம். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. துடிப்பு வெளியேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ரேடார் செவிடாகிவிடுகிறது. ஒரு மைக்ரோ விநாடித் துடிப்பை அனுப்பும் ரேடாருக்கு முதல் 150 மீட்டர் குருட்டுப் பகுதிதான்.

எதிரொலி ஏன் இவ்வளவு மெலிந்துபோகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அலை போகும்போது தூரத்தின் இருபடிக்கு ஏற்ப மெலிகிறது. பொருளில் பட்டுச் சிதறித் திரும்பும்போது மறுபடியும் இருபடிக்கு ஏற்ப மெலிகிறது. மொத்தத்தில் தூரத்தின் நான்காம் படிக்கு ஏற்ப வலிமை குறைகிறது. ஒரு ரேடாரின் எட்டும் தூரத்தை இரு மடங்காக்க, அனுப்பும் வலிமையை 16 மடங்காக்க வேண்டும். பத்து மடங்காக்க வேண்டுமானால் 10,000 மடங்கு. வலிமையை ஏற்றி வெல்ல முடியாத போட்டி இது. எனவேதான் ரேடார் வளர்ச்சியின் பெரும்பகுதி ஏற்பியிலும் ஆன்டெனாவிலும் கணக்கீட்டிலும் நடந்திருக்கிறது.

---

பழையஏடு

அலைநீளம் பற்றிய கேள்விக்கு வரலாற்றின் வழியாகப் போனால் விடை எளிதில் பிடிபடும்.

வானொலி அலைகள் உலோகத்தில் பட்டுத் திரும்பும் என்பதை ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1880களின் இறுதியிலேயே காட்டிவிட்டார். 1904 மே மாதத்தில் கிறிஸ்டியன் ஹூல்ஸ்மேயர், கொலோன் நகரத்தில் ரைன் ஆற்றுப் பாலத்தின் அருகே ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். கப்பல் நெருங்கினால் அதில் மணி அடிக்கும். கப்பல் இருக்கிறது என்று அது சொன்னதே தவிர, தாமதத்தை அளந்து தூரத்தைச் சொல்ல அதனால் இயலவில்லை. கடற்படையும் கப்பல் நிறுவனங்களும் அதில் ஆர்வம் காட்டாததால் அந்த முயற்சி அப்படியே நின்றுபோனது.

1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தின் டேவன்ட்ரியில் ராபர்ட் வாட்சன்-வாட்டும் அர்னால்ட் வில்கின்ஸும் சேர்ந்து நடத்திய சோதனை இன்னும் எளிமையானது. பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பியிலிருந்து அலைகள் போய்க்கொண்டிருந்தன. ஹெய்ஃபோர்டு குண்டுவீச்சு விமானம் ஒன்று அந்தப் பகுதியில் பறந்தது. வயலில் நிறுத்தப்பட்ட வண்டிக்குள் இருந்த ஏற்பியின் திரையில் விமானத்திலிருந்து திரும்பிய அலை தெரிந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் 'செயின் ஹோம்' என்ற கடலோர ரேடார் வரிசை. அது 20 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில், அதாவது பத்து மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள அலைகளில் இயங்கியது. அதற்காக 110 மீட்டர் உயர எஃகுக் கோபுரங்களை எழுப்ப வேண்டியிருந்தது. அத்தனை உயரம் இருந்தும் கற்றையைக் குவிக்க முடியவில்லை. கடற்கரையின் எதிர்ப்பக்கம் முழுவதையும் ஒரே வீச்சில் அலையால் நிரப்பிவிட்டு, திசையை ஏற்பி ஆன்டெனாக்களின் ஒப்பீட்டால் கண்டறிந்தார்கள்.

கற்றையின் அகலத்தை ஒரு சிறு கணக்கு முடிவு செய்கிறது: அலைநீளத்தை ஆன்டெனாவின் அகலத்தால் வகுத்து ஏறக்குறைய 70 ஆல் பெருக்கினால் கற்றையின் கோண அகலம் பாகையில் கிடைக்கும். பத்து மீட்டர் அலையை ஒரு பாகைக்குள் குவிக்க 700 மீட்டர் அகலமுள்ள ஆன்டெனா வேண்டும். பத்து சென்டிமீட்டர் அலைக்கு ஏழு மீட்டர் போதும். 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் உருவாக்கிய குழி மேக்னட்ரான், பத்து சென்டிமீட்டர் அளவிலான அலையைப் பெரும் வலிமையுடன் பிறப்பித்தது. அதன் பிறகுதான் விமானத்தின் மூக்குக்குள்ளும் கப்பலின் பாய்மரக் கம்பத்திலும் ரேடாரை வைக்க முடிந்தது. ரேடாரின் வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் வேறில்லை என்பது என் கருத்து.

---

தேடல்

இருவருக்கும் மிக்க நன்றி. எதிரொலி அவர்களே, ஒரு மில்லி விநாடி கேட்ட பிறகு அடுத்த துடிப்பை அனுப்புவதாகச் சொன்னீர்கள். 150 கிலோமீட்டருக்கு அப்பாலும் ஒரு பொருள் இருந்து, அதன் எதிரொலி அடுத்த துடிப்பு போன பிறகு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? எந்தத் துடிப்புக்கு எந்த எதிரொலி என்று கருவிக்கு எப்படித் தெரியும்?

---

எதிரொலி

தெரியாது. விநாடிக்கு 1000 துடிப்புகள் அனுப்பும் ரேடாருக்கு 200 கிலோமீட்டரில் இருக்கும் புயல்மேகம் 50 கிலோமீட்டரில் இருப்பதாகவே தோன்றும். வானிலைப் படங்களில் ரேடாரை நோக்கி நீண்ட, ஒல்லியான, மற்ற மழையோடு ஒட்டாத கீற்றாக இது காட்சி தரும். உங்கள் மூன்றாவது கேள்விக்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

துடிப்புகளுக்கு இடையே அதிக நேரம் விட்டால் தீர்ந்துவிடுமே என்று தோன்றலாம். அங்கேதான் டாப்ளர் குறுக்கே வருகிறது. நெருங்கி வரும் பொருளிலிருந்து திரும்பும் அலையின் அதிர்வெண் சற்றுக் கூடும். விலகிச் செல்வதாயின் குறையும். வேகத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் இந்த மாற்றம் கிடைக்கும். பத்து சென்டிமீட்டர் அலையில், விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் நெருங்கும் பொருள் தரும் மாற்றம் 1000 ஹெர்ட்ஸ். அலையின் அதிர்வெண்ணே 300 கோடி ஹெர்ட்ஸ் என்பதால் ஒரே துடிப்பிற்குள் இந்தச் சிறு மாற்றத்தைப் பிரித்தறிய முடியாது; அடுத்தடுத்த துடிப்புகளில் எதிரொலியின் கட்டம் எவ்வளவு நகர்ந்தது என்பதைப் பார்த்தே வேகத்தைக் கணிக்கிறோம். துடிப்புகள் அடிக்கடி போனால்தான் வேகமான நகர்வைத் தவறின்றிப் பின்தொடர முடியும்.

பத்து சென்டிமீட்டர் அலையில் விநாடிக்கு 1000 துடிப்புகள் என்றால் குழப்பமின்றி அளக்கக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு 25 மீட்டர், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர். விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் நெருங்கி வரும் காற்று, விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் விலகிப் போவதாகப் படத்தில் தெரியும்! துடிப்பு விகிதத்தைக் கூட்டினால் வேகம் தெளிவாகும், தூரம் குழம்பும். குறைத்தால் தூரம் தெளிவாகும், வேகம் குழம்பும். அலைநீளம் முடிவாகிவிட்டால் இவ்விரண்டின் பெருக்கற்பலன் மாறாது. இதை எந்தத் திறமையான பொறியாளராலும் மீற முடியாது. வெவ்வேறு விகிதங்களை மாற்றி மாற்றி அனுப்பி, விடைகளை ஒப்பிட்டுச் சமாளிக்கத்தான் முடியும்.

டாப்ளர் ரேடாரை நோக்கிய அல்லது ரேடாரிலிருந்து விலகும் திசைவேகத்தை மட்டுமே தரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கற்றைக்குக் குறுக்கே வீசும் சூறாவளிக் காற்றும் சுழியம் என்றே பதிவாகும்.

---

கடலோடி

கப்பலின் கட்டளை மேடையில் நின்று ரேடாரைப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

பெரிய வணிகக் கப்பல்களில் பொதுவாக இரண்டு ரேடார்கள் இருக்கும். மூன்று சென்டிமீட்டர் அலையில் இயங்கும் எக்ஸ் பேண்ட் ஒன்று. பத்து சென்டிமீட்டர் அலையில் இயங்கும் எஸ் பேண்ட் மற்றொன்று. எக்ஸ் பேண்டில் கற்றை கூர்மையானது, மிதவைகளும் சிறு படகுகளும் தெளிவாகத் தெரியும், தேடல் மீட்புக்கான ரேடார் டிரான்ஸ்பாண்டரும் (ரேடார் அலை பட்டதும் தானே பதில் அலை அனுப்பும் கருவி) அந்த அலைவரிசையில்தான் பதில் தரும். ஆனால் கனமழை வந்தால் மழையே திரையை நிரப்பிவிடும். அப்போது எஸ் பேண்டுக்கு மாறுகிறோம். அதன் அலை மழையைப் பெரிதும் பொருட்படுத்தாமல் ஊடுருவிச் செல்லும்.

கூர்மையான கற்றை என்று சொன்னாலும் அதற்கும் எல்லை உண்டு. ஆறடி எக்ஸ் பேண்ட் ஆன்டெனாவின் கற்றை ஏறக்குறைய 1.2 பாகை அகலம் உடையது. பத்து கடல்மைல் தூரத்தில் அது கிட்டத்தட்ட 390 மீட்டராக விரிந்துவிடும். அந்த அகலத்துக்குள் அருகருகே செல்லும் இரண்டு படகுகள் திரையில் ஒரே புள்ளிதான். துறைமுக வாயிலின் இடைவெளிகூடத் தொலைவில் இருக்கும்போது மூடியே தெரியும். நெருங்க நெருங்கத்தான் திறக்கும்.

எனக்கு மிகவும் கவலை தருவது கடலலைச் சிதறல். காற்று வீசும்போது கப்பலைச் சுற்றி மூன்று நான்கு கடல்மைல் வரை அலைகளின் முகப்புகளிலிருந்து எதிரொலிகள் வந்து திரையின் நடுப்பகுதியைப் புள்ளிகளால் நிரப்பிவிடும். அதைக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. திருப்பினால் நடுப்பகுதி அழகாகச் சுத்தமாகிவிடும். அந்த அழகுதான் ஆபத்து. மரப்படகின் எதிரொலியும் கடலலையின் எதிரொலியும் ஏறக்குறைய ஒரே வலிமை உடையவை என்பதால், அலையை அழிக்கும் திருகு படகையும் அழித்துவிடும். திரை முழுவதும் வெறுமையாகும்வரை திருப்பாமல், சிதறலில் கொஞ்சம் எஞ்சியிருக்குமாறு விட்டு, அதற்குள் ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் விடாமல் தோன்றும் புள்ளி எது என்று கண்ணால் தேட வேண்டும். கடலலையின் புள்ளி அடுத்த சுற்றில் இடம் மாறிவிடும். படகின் புள்ளி நிற்கும்.

1956 ஜூலை 25 இரவு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே, மூடுபனியில் ஆந்திரேயா டோரியாவும் ஸ்டாக்ஹோமும் மோதின. 51 பேர் இறந்தார்கள். இரண்டு கப்பல்களிலும் ரேடார் இருந்தது, மோதலுக்கு முன்பே ஒன்றையொன்று திரையில் கண்டிருந்தன. ஆந்திரேயா டோரியாவில் எதிர்க்கப்பலின் தடத்தை முறையாகக் குறித்துப் பின்தொடரவில்லை. எதிரே வருவது எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில் இரு கப்பல்களும் நேர்மாறான முடிவுக்கு வந்திருந்தன. ரேடார் திரையில் தெரிவது நம் கப்பலைச் சார்ந்த ஒப்பு நகர்வு. எதிர்க்கப்பலின் உண்மையான போக்கைப் பெற அடுத்தடுத்த நிலைகளைக் குறித்துக் கணக்கிட வேண்டும். இப்போது அதைக் கணினி செய்கிறது. ஆனாலும் 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் ஏழாம் விதி, போதாத ரேடார் தகவலைக் கொண்டு அனுமானம் செய்யக் கூடாது என்று தனியாகவே எச்சரிக்கிறது. கணினி வந்த பிறகும் அந்த விதி அப்படியே பொருந்துகிறது.

---

மழைநோக்கி

மூன்றாவது கேள்விக்கு என் துறையிலிருந்து விடை தருகிறேன், ஏனெனில் வானிலை ரேடாரைப் பற்றி இருக்கும் தவறான எண்ணங்கள் மக்களின் பாதுகாப்பைத் தொடுபவை.

வானிலை ரேடாரின் கற்றை தரையைத் தொட்டுக்கொண்டு போவதில்லை. மிகத் தாழ்ந்த ஏற்றக்கோணம் பெரும்பாலும் அரைப் பாகை அளவில் இருக்கும். அலை ஏறக்குறைய நேராகச் செல்ல, பூமி கீழே வளைந்து இறங்குகிறது. வளிமண்டலம் அலையைச் சற்றே வளைப்பதையும் கணக்கில் கொண்டால், அரைப் பாகைக் கற்றையின் மையம் 200 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து நான்கு கிலோமீட்டருக்கு மேலே இருக்கும். அந்தத் தொலைவில் இரண்டு கிலோமீட்டர் உயர மேகத்திலிருந்து மழை கொட்டினால் கற்றை அதன் தலைக்கு மேலே கடந்து போய்விடும். படம் வெறுமையாகவே இருக்கும். மறுபக்கம், நான்கு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் மழை, வறண்ட காற்றில் இறங்கும்போது ஆவியாகித் தரைக்கு வராமலே போகலாம். படத்தில் மழை, தரையில் ஒன்றுமில்லை. கருவியில் ஒரு பழுதும் இல்லை.

அடுத்தது எதிரொலியின் வலிமையை மழையின் அளவாக மாற்றும் கணக்கு. ஒரு துளியின் எதிரொலி அதன் விட்டத்தின் ஆறாம் படிக்கு ஏற்ப வளர்கிறது. இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று, ஒரு மில்லிமீட்டர் துளிகள் 64 தரும் எதிரொலியைத் தரும். ஆனால் அதிலுள்ள நீரோ அத்தகைய எட்டுத் துளிகளுக்குச் சமம்தான். ஆகவே சில பெரிய துளிகள் இருந்தாலே மழையின் அளவு மிகைப்பட்டுத் தெரியும். 1948 இல் மார்ஷலும் பால்மரும் தந்த பழைய சூத்திரத்தின்படி, 40 டெசிபல் இசட் என்ற எதிரொலி அளவு மணிக்கு ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் மழையைக் குறிக்கும். இது சராசரியான துளிப் பரவலுக்கு உரிய எண். உருகிக்கொண்டிருக்கும் பனித்துகள் நீர்ப்படலம் பூசிய பெருந்துளியைப் போல எதிரொலிக்கும் என்பதால், உருகுநிலை உயரத்தில் பளிச்சென்ற ஒரு பட்டை தோன்றும். அதை அப்படியே மழையாக எடுத்துக்கொண்டால் கணக்கு தவறிவிடும். ஆலங்கட்டி இருந்தாலும் அப்படித்தான்.

இதற்குத் துணையாக வந்ததுதான் இருமுனைவாக்க ரேடார். விழும் மழைத்துளி காற்றின் தடையால் கீழ்ப்புறம் தட்டையாகிறது. அது கிடைமட்டமாக அதிரும் அலைக்கு அதிக எதிரொலியையும் செங்குத்தாக அதிரும் அலைக்குக் குறைந்த எதிரொலியையும் தரும். ஆலங்கட்டி உருண்டு புரண்டு விழுவதால் இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும். இரண்டு அலைகளையும் அனுப்பி ஒப்பிட்டால் வலுத்த எதிரொலி பெருமழையா ஆலங்கட்டியா என்று பிரித்துச் சொல்லலாம். சூறைக்காற்று பிய்த்தெறிந்த கூரைத் துண்டுகளும் மரக்கிளைகளும் வானில் சுழல்வதைக்கூட இதனால் அடையாளம் காண்கிறார்கள். இரவில், கண்ணால் எதையும் பார்க்க இயலாத நேரத்தில், அது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

பறவைக் கூட்டமும் வௌவால் கூட்டமும் பூச்சித் திரளும் படத்தில் மழைபோலத் தெரிவதுண்டு. அதிகாலையில் கூடுகளிலிருந்து பறவைகள் ஒரே நேரத்தில் கிளம்பும்போது விரியும் வளையம் ஒன்று தோன்றும். பறவையியல் ஆய்வாளர்கள் இந்தப் பதிவுகளையே வலசைக் கணக்கெடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள்.

---

தளவழி

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை என்பதால் சேர்க்கிறேன். கட்டுப்பாட்டாளரின் திரையில் விமானத்தின் பக்கத்தில் தெரியும் அழைப்புக்குறியும் உயரமும் எதிரொலியிலிருந்து வருபவை அல்ல. இரண்டாம் நிலைக் கண்காணிப்பு ரேடார் 1030 மெகாஹெர்ட்ஸில் ஒரு கேள்வியை அனுப்புகிறது. விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்கிறது. பதில் விமானத்தின் சொந்த ஆற்றலில் புறப்படுவதால், எதிரொலி அவர்கள் சொன்ன நான்காம் படி இழப்பு இங்கே இல்லை. இருபடி இழப்பு மட்டுமே. அதனால் குறைந்த வலிமையிலேயே நெடுந்தூரம் எட்டுகிறது. அவசர நிலைக்கு 7700, வானொலித் தொடர்பு அறுந்தால் 7600, கடத்தல் என்றால் 7500 என்று விமானி குறியெண்ணைத் திருப்பினாலே கட்டுப்பாட்டாளருக்கு எச்சரிக்கை வந்துவிடும்.

டிரான்ஸ்பாண்டர் நின்றுபோனால் இந்த முறை முழுவதும் குருடாகிவிடும். 2014 மார்ச் 8 அன்று மலேசிய விமானம் எம்எச்370 பொதுவிமானப் போக்குவரத்துத் திரையிலிருந்து மறைந்தது இப்படித்தான். அது திரும்பி மலாய்த் தீபகற்பத்தைக் கடந்து மேற்கே சென்றதை ராணுவத்தின் முதல்நிலை ரேடார், அதாவது வெறும் எதிரொலியை மட்டும் நம்பும் ரேடார், பதிவு செய்திருந்தது. செலவைக் காரணம் காட்டி முதல்நிலை ரேடார்களைக் குறைக்கலாம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் இதை நினைவூட்டுவேன்.

---

சாலைநேர்

காருக்குள் கேமராவும் லேசர் அளவியும் இவ்வளவு முன்னேறிய பிறகும் ரேடார் எதற்கு என்பது என் கேள்வி. படம் தெளிவாக இருக்கும்போது மங்கலான கருவியைச் சுமப்பானேன்?

---

எதிரொலி

சாலைநேர் அவர்களே, கார் ரேடார் மங்கல் என்பது உண்மை. 77 கிகாஹெர்ட்ஸில், அதாவது நான்கு மில்லிமீட்டர் அலையில் இயங்கினாலும், பம்பருக்குப் பின்னால் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் ஆன்டெனா வைக்க இடம் இருப்பது அரிது. நூறு மீட்டர் தூரத்தில் அதன் கற்றை ஒரு சாலைத் தடத்தின் அகலத்தையே தாண்டிவிடும். ஆனால் மூடுபனியிலும் தூசியிலும் எதிர்வெயிலிலும் அதற்குத் தடுமாற்றம் மிகக் குறைவு; முன்னே போகும் வண்டியின் வேகத்தை அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு ஊகிக்காமல் நேரடியாக அளக்கிறது. கேமராவிடமிருந்து இவ்விரண்டும் கிடைக்காது.

இது துடிப்பு முறையில் இயங்குவதில்லை. அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே போகும் அலையைத் தொடர்ந்து அனுப்புகிறது. எதிரொலி வந்து சேரும் நேரத்தில் அனுப்பப்படும் அலை ஏற்கெனவே சற்று உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போயிருக்கும். இரண்டின் வேறுபாடே தூரம். 50 மைக்ரோ விநாடியில் ஒரு கிகாஹெர்ட்ஸ் ஏறும் அலையில், 75 மீட்டரில் இருக்கும் வண்டி 10 மெகாஹெர்ட்ஸ் வேறுபாட்டைத் தரும். அலைவரிசையின் அகலம் கூடக்கூடத் தூரப் பிரிதிறன், அதாவது முன்பின்னாக இருக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டும் திறன், கூடும். ஒரு கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு அது 15 சென்டிமீட்டர்.

இதன் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சாலையில் அசையாமல் நிற்கும் உலோகம் ஏராளம்: பலகைகள், தடுப்புகள், மேம்பாலங்கள். மேலே தொங்கும் பலகையையும் தடத்தில் நிற்கும் லாரியையும் பிரித்தறியும் அளவுக்குச் செங்குத்துக் கோணத்தில் கூர்மை இல்லாத ரேடார்களில், அசையாப் பொருள்களின் எதிரொலியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும்படி மென்பொருளை எழுதியிருந்தார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பாலத்துக்கும் வண்டி பிரேக் போடும். நின்றுகொண்டிருக்கும் வண்டியைக் கண்டும் காணாததாக விட்டுவிடும் ஆபத்து அதனால்தான் வந்தது. உயரத்தையும் அளக்கும் புதிய ரேடார்கள் இதற்கான மாற்று. கேமராவோடு சேர்த்துப் பயன்படுத்துவதும் இதற்காகத்தான்.

---

நிலவரை

சிறிய ஆன்டெனாவின் மங்கலான கற்றையைக் கணக்கீட்டால் வெல்ல முடியும் என்பதற்குச் செயற்கைக்கோள் ரேடாரே சான்று. 700 கிலோமீட்டர் உயரத்தில் 12 மீட்டர் ஆன்டெனா, 5.6 சென்டிமீட்டர் அலை என்றால் தரையில் கற்றை மூன்று கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிடும். ஆனால் செயற்கைக்கோள் நகர்ந்துகொண்டே இருப்பதால், தரையிலுள்ள ஒரே இடத்தின் எதிரொலி பல ஆயிரம் மீட்டர் பாதையில் மீண்டும் மீண்டும் பதிவாகிறது. ஒவ்வொரு பதிவின் கட்டத்தையும் காத்து வைத்துப் பிறகு ஒன்றுசேர்த்தால், அந்தப் பாதை முழுவதும் ஒரே ஆன்டெனாவாக இருந்ததைப் போன்ற கூர்மை கிடைக்கிறது. பிரிதிறன் ஆன்டெனா நீளத்தின் பாதி, அதாவது ஆறு மீட்டர். எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் அது மாறுவதில்லை என்பதை முதலில் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை.

மேகமும் இரவும் இதற்குத் தடையில்லை. எப்போதும் மேகம் சூழ்ந்த வெள்ளிக் கோளின் தரையில் 98 விழுக்காட்டை 1990களின் முற்பகுதியில் மெகல்லன் விண்கலம் இப்படித்தான் வரைபடமாக்கியது. வெள்ளத்தின்போது அமைதியான நீர்ப்பரப்பு அலையைக் கண்ணாடிபோல் அப்பால் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். இங்கும் எச்சரிக்கை தேவை: காற்றில் சிலிர்த்த நீர் வெளுத்துத் தெரியும், கட்டடங்களுக்கு இடையே புகுந்த வெள்ளம் சுவரிலும் நீரிலும் அலை இருமுறை பட்டுத் திரும்புவதால் முன்பைவிடப் பளிச்சென்றே தெரியும். கறுப்பை மட்டும் எண்ணினால் நகரத்தின் வெள்ளம் கணக்கில் வராது.

ஒரே இடத்தை இருவேறு நாள்களில் பதிவு செய்து கட்டங்களை ஒப்பிட்டால் தரையின் அசைவும் கிடைக்கும். 1992 இல் கலிஃபோர்னியாவின் லாண்டர்ஸ் நிலநடுக்கம் தரையை எப்படி நகர்த்தியது என்பதை ஐரோப்பிய இஆர்எஸ்-1 செயற்கைக்கோளின் பதிவுகளைக் கொண்டு வண்ண வளையங்களாக வரைந்தார்கள். ஒவ்வொரு வளையமும் அரை அலைநீளம், அதாவது 2.8 சென்டிமீட்டர் நகர்வு.

---

தேடல்

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. சுழலும் ஆன்டெனாவுக்குப் பதிலாக மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் கட்ட வரிசை ரேடார் எல்லாத் துறைகளிலும் வந்துவிட்டால், இங்கே சொல்லப்பட்ட விட்டுக்கொடுப்புகள் தீர்ந்துவிடுமா?

---

மழைநோக்கி

காலத்தைப் பொறுத்தவரை பெரிய நன்மை உண்டு. சுழலும் வானிலை ரேடார் எல்லா ஏற்றக்கோணங்களையும் சுற்றி முடிக்க ஏறத்தாழ ஐந்து நிமிடம் ஆகிறது. சூறைக்காற்றின் சுழற்சி அதற்குள் உருவாகிவிடும். ஓக்லஹோமாவின் நார்மனில், கடற்படைக்காகச் செய்த எஸ்பிஒய்-1 ரேடாரின் கட்ட வரிசை ஆன்டெனாவை வானிலைக்குப் பயன்படுத்திச் சோதித்தபோது, ஒரு புயல் பகுதியை ஒரு நிமிடத்துக்குள் திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது.

---

எதிரொலி

மற்ற விட்டுக்கொடுப்புகள் அப்படியே இருக்கும். நான்காம் படி இழப்பு, துடிப்பு விகிதத்தின் இருதலைச் சிக்கல், பூமியின் வளைவு ஆகிய மூன்றும் ஆன்டெனாவின் வகையைச் சார்ந்தவை அல்ல.

கட்ட வரிசைக்கென்றே சில குறைகளும் உண்டு. ஆயிரக்கணக்கான சிறு உமிழிகளின் கட்டத்தைச் சற்றுச் சற்று மாற்றிக் கற்றையைத் திருப்பும்போது, ஆன்டெனா தட்டு அந்தத் திசைக்குக் குறுகித் தோன்றும். நேர்முகத்தில் ஒரு பாகையாக இருந்த கற்றை, 60 பாகை திருப்பினால் இரண்டு பாகையாகிவிடும். ஆகவே சுற்றிலும் பார்க்க மூன்று அல்லது நான்கு தட்டுகள் வேண்டும். மழைநோக்கி அவர்கள் சொன்ன இருமுனைவாக்க அளவீட்டுக்கு இது மேலும் கடினம். கற்றை சாயும்போது கிடைமட்ட அலைக்கும் செங்குத்து அலைக்கும் ஆன்டெனா தரும் வலிமை ஒரே அளவில் இருப்பதில்லை. துளியின் தட்டையால் வரும் வேறுபாடோ பெரும்பாலும் சில டெசிபல்தான், அதுவும் மெல்லிய மழையில் ஒரு டெசிபலுக்கும் குறைவு. ஆன்டெனாவால் வரும் வேறுபாடு அதைவிடப் பெரிதாகிவிட்டால் மழையையும் ஆலங்கட்டியையும் பிரிக்கும் கணக்கே குலைந்துபோகும். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாகத் திருத்தம் கண்டு, வெப்பநிலை மாறும்போதும் உமிழிகள் சில செயலிழக்கும்போதும் அந்தத் திருத்தம் பொருந்துகிறதா என்று தொடர்ந்து சரிபார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இப்போது பெரும்பாலான நேரம் இந்த வேலைக்கே செலவாகிறது.